மாமல்லைக் கரையில் சேக்கிழார் கண்ட அறநாடு

திருக்கழுக்குன்றத்துச் சித்திரைப் பெருவிழாவில் நாயன்மார் அறுபத்துமூவரும் திருவீதியில் எழுந்தருளுகின்ற காட்சி, காண்பார் கண்களையும் கருத்தையும் ஒருங்கே கவர்வதாகும். அரசரும் அந்தணரும் வணிகரும் வேளாளரும் வேடரும் குயவரும் பரதவரும் ஏகாலியரும் ஒரே வரிசையில், ஒரே வகை மாலை சூடி, ஒரே தீபாராதனையை ஏற்று வருகின்றனர். இத்தகைய வரிசையை அவ்வடியார்கள் வாழ்ந்த நாளில் எந்த ஊர் வீதியிலும் கண்டிருக்க இயலாது. சேக்கிழார் பெருமான் முதலில் தம் உள்ளத்தில் இவ்வரிசையைக் கண்டு பாடினார். பின்னரே அது செம்பிலும் கல்லிலும் வடிக்கப்பெற்று வீதிக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு திருவிழாவின்போது திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தை விரித்துரைக்கும் பேறு நமக்கு வாய்த்தது. சொற்பொழிவு முடிந்து திருநீறு வழங்கும் வேளையில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சேக்கிழார் பாடிய அந்தத் தொண்டை நாடு உண்மையிலேயே இருந்ததா? இருந்ததென்றால் எங்கே போயிற்று? இல்லையென்றால் நாங்கள் எதற்காக இதைக் கேட்கவேண்டும்?" என்று வினவினாள். பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "புராணத்தில் ஐயம் கொள்ளலாமா, அம்மா?" என்று அவளைக் கடிந்துகொண்டார். நாமோ, "அது புண்ணிய காலம், இது கலிகாலம்" என்று சொல்லி அவளை அமர்த்திவிட்டோம். வீடு திரும்பிய பின்னும் அந்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. கேட்டவள் ஐயத்தால் கேட்கவில்லை, ஆர்வத்தாலேயே கேட்டாள் என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று. அன்று கூறத் தவறிய விடையை இங்கே கூற முயல்கின்றோம்.

முதற்கண், பெரியபுராணம் தோன்றிய வரலாற்றை நினைவிற் கொள்ளவேண்டும். தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிலே பிறந்து, 12-ஆம் நூற்றாண்டில் அநபாயச் சோழன் என்னும் இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராக விளங்கியவர் நம் சேக்கிழார். அம்மன்னன் சீவக சிந்தாமணி என்னும் சமண காவியத்தின் சுவையில் ஆழ்ந்திருந்ததைக் கண்டு, இம்மைக்கும் மறுமைக்கும் உறுதி பயப்பது திருத்தொண்டர் வரலாறே என்று அமைச்சர் எடுத்துரைத்ததாகவும், அதனைக் காவியமாக விரித்துப் பாடுமாறு மன்னன் வேண்ட, தில்லையிலே பாடி ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகவும் உமாபதி சிவம் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகின்றது.

இவ்வரலாற்றில் நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. சேக்கிழார் மன்னனிடம், "கதை கேளாதே" என்று சொல்லவில்லை. வேறு கதையைக் கேள் என்றே சொன்னார். மனிதன் கதையின்றி வாழமாட்டான் என்பதும், எந்தக் கதையை நாளும் கேட்கின்றானோ அதன் வழியே அவன் மனம் செல்லும் என்பதும் நாட்டை ஆளும் பொறுப்பிலிருந்த அவ்வமைச்சருக்கு நன்கு தெரிந்திருந்தது. ஆகவே கதையின் சுவையையும் வருணனையின் வளத்தையும் விட்டுவிடாமல், அவற்றைக் கொண்டே தொண்டின் பெருமையை நிறுவினார். அடியார்களின் பெயரையும் ஊரையும் செயலையும் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியும் அவருக்குத் தந்தன. அந்த அடியார்கள் நடந்த தெருவும், அவர்கள் உழுத வயலும், அவர்கள் நீராடிய துறையும், அவர்களைச் சூழ்ந்திருந்த மக்களின் பேச்சும் வழக்கமும் சேக்கிழாரின் உள்ளத்திலிருந்து வந்தவை.

தொண்டை நாட்டுச் சிறப்பை அவர் வைத்த இடமும் கருதத் தக்கது. காவியத் தொடக்கத்தில் வருவது சோழநாட்டுச் சிறப்பும் திருவாரூர்ச் சிறப்புமேயாகும். தாம் பிறந்த தொண்டை நாட்டையும் அதன் தலைநகராகிய காஞ்சியையும் அவர் விரித்துப் பாடியது, காஞ்சியில் ஆடை வெளுக்கும் தொழில் செய்த ஏகாலியராகிய திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் புராணத்திலேதான். அப்புராணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி நாட்டையும் நகரத்தையும் பாட, நாயனாரின் கதை இறுதியில் சில பாடல்களிலேயே முடிகின்றது. ஒரு நாட்டின் பெருமை முழுவதையும் திரட்டி, அதனை ஓர் ஏகாலியரின் வீட்டு வாயிலிலே கொண்டுவந்து வைத்தார் சேக்கிழார். இது தற்செயலாக நிகழ்ந்ததென்று நாம் கருதவில்லை.

அந்த நாட்டுச் சிறப்பிலே குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் தத்தமக்குரிய மக்களோடும் தொழில்களோடும் வருகின்றன. மீன் பிடிக்கும் நுளையரும் உப்பளத்து மகளிரும் கூட அங்கே இடம் பெறுகின்றனர். திணைகள் ஒன்றோடொன்று கலக்கும் இடங்களையும் சேக்கிழார் தனியே எடுத்துப் பாடுகின்றார். அவ்விடத்தே மாமல்லை வருகின்றது. கடலிலே தோன்றிய பவளக்கொடியின் இளங்கொழுந்து, பக்கத்து மலையிலுள்ள சந்தன மரக்கிளையின்மேல் ஏறி வளர்கின்றதாம். நெய்தலும் குறிஞ்சியும் அவ்வாறு கைகோக்கும் நிலங்களுக்கு மாடங்களும் கொடிகளும் நிறைந்த மாமல்லையை அவர் எடுத்துக்காட்டாக்குகின்றார்.

பவளம் சந்தனக் கிளையில் ஏறுமா என்று கேட்டால், ஏறாது என்பதே விடை. ஆயினும் இன்றும் மாமல்லபுரம் சென்று கலங்கரை விளக்கத்தருகே பாறைக்குன்றின்மேல் நின்று பார்ப்பவர், குன்றின் அடிவாரத்திற்கும் அலைக்கும் இடையே எவ்வளவு சிறிய தொலைவு என்பதைக் காண்பர். மலையும் கடலும் அண்டையயலாராக வாழும் ஊர் அது. கண்ணாற் கண்ட மெய்யின்மீது கால் ஊன்றிக்கொண்டே சேக்கிழாரின் கற்பனை மேலெழுகின்றது. மலைவாழ்நரின் செல்வமும் கடல்வாழ்நரின் செல்வமும் ஒன்றையொன்று தழுவி வளரவேண்டும் என்னும் நல்லெண்ணமே அங்கே பவளக்கொழுந்தாக வடிவம் கொண்டது என்று நாம் பொருள் கொள்கின்றோம்.

அறம் நிறைந்த நாடு ஒன்றைக் கற்பித்துக் காட்டுதல் உலகெங்கும் புலவர்கள் செய்துவந்த தொழிலே. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ நீதியின் இயல்பை ஆராய்வதற்கென்றே ஒரு நகரத்தைச் சொல்லால் கட்டினார். ஆங்கில நாட்டுத் தாமஸ் மோர் 1516-ஆம் ஆண்டில் 'உட்டோபியா' என்னும் தீவைக் கற்பித்து நூல் எழுதினார். அச்சொல்லுக்கே 'இல்லாத இடம்' என்பது பொருள். நம் கம்பநாடரோ, வறியவரே இல்லாமையால் கொடைக்கே இடமில்லாத கோசல நாட்டைப் பாடினார். குறையொன்றும் இல்லாத நாட்டைக் காட்டுதல் அவர் வழி.

சேக்கிழார் வழி இவற்றினின்று வேறுபட்டது. அவருடைய அறநாட்டுக்கு இல்லாத இடமென்று பெயரில்லை. திருக்கழுக்குன்றம், திருவிடைச்சுரம், திருக்கச்சூர், மாமல்லை, காஞ்சி என்று நாம் பேருந்தில் ஏறிச் சென்று இறங்கக்கூடிய ஊர்களே அவருடைய காவியத்து ஊர்கள். அதைவிடச் சிறந்த வேறுபாடும் ஒன்றுண்டு. அவருடைய அறநாட்டில் பிழை நேர்கின்றது; விபத்து நிகழ்கின்றது; கொடுத்த சொல் தவறிப்போகின்றது. அவ்வாறு தவறியபோது அந்நாட்டு மக்கள் என்ன செய்தார்கள் என்பதையே அவர் அந்நாட்டின் பெருமையாகக் காட்டுகின்றார். இதற்கு மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதற்சான்று திருவாரூர். நகரச் சிறப்பைப் பாடவந்த சேக்கிழார், மாடமாளிகைகளைச் சொல்லி, மறையொலியைச் சொல்லி, அதன்பின் நகரப் பெருமைக்கு உச்சியாக எடுத்துரைப்பது ஒரு தெரு விபத்தை. இளவரசன் ஊர்ந்த தேர்க்காலில் பசுவின் கன்று சிக்கி உயிர் நீத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றனர் அமைச்சர். மனுநீதிச் சோழன் அதனை ஏற்கவில்லை. தன் மகன் செய்த கொலைக்குப் பிராயச்சித்தமும் பிறன் செய்யும் கொலைக்குத் தண்டமும் என்று இரண்டு நீதி வைத்துக்கொண்டு எவ்வாறு ஆள்வது என்பதே அவன் எழுப்பிய வினா. தேரைச் செலுத்துமாறு ஏவப்பட்ட அமைச்சர் அது செய்ய மாட்டாது தம் உயிரை விட்டார். மன்னன் தானே மகன்மீது தேரைச் செலுத்தினான். வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் காட்சி தந்தருள, கன்றும் அமைச்சரும் மைந்தனும் உயிர்த்தெழுந்தனர். நகரம் என்பது கட்டடம் அன்று; முறையீடு செய்வதற்கு ஒரு மணியும், அதனைக் கேட்பதற்கு ஒரு செவியும் இருக்குமிடமே நகரம் என்பது இதனால் பெறப்படுகின்றது.

இரண்டாஞ்சான்று திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். பெண்ணுருவில் வந்த பேய் ஒன்று, தான் இவ்வணிகனின் மனைவி என்று கூறி அழுதது. அஞ்சி அடைக்கலம் புகுந்த வணிகனை, "நீ அஞ்சாதே, உனக்கு இடர் நேரின் எங்கள் உயிரைத் தருவோம்" என்று உறுதி கூறி, வேளாளர் எழுபதின்மர் அவளோடு அனுப்பினர். விடியுமுன் வணிகன் மாண்டான். தாங்கள் சொன்ன சொல்லின்படியே அவர்கள் எழுபதின்மரும் உயிர் நீத்தனர் என்பது வழிவழி வந்த வரலாறு. ஞானசம்பந்தப் பெருமானும் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைக் குறித்துள்ளார். சேக்கிழாரும் தொண்டை நாட்டின் மேன்மை பேசுமிடத்தே இதனை எடுத்தோதுகின்றார். பழையனூரார் அளித்த தீர்ப்பு தவறானது என்பதை நாம் மறுக்க இயலாது. நல்லவர்களும் ஏமாற்றப்படுவர். ஆயினும் தவறு தம்முடையது என்று தெரிந்தபின், அதன் பளுவைப் பிறர் தலையில் இறக்கிவைக்க அவர்கள் முயலவில்லை. நாடு பெருமை பெற்றது அதனாலேயே.

மூன்றாஞ்சான்று நம் நாயனாரே. அடியார்களின் குறிப்பறிந்து தொண்டு செய்தலின் அவர் திருக்குறிப்புத் தொண்டர் எனப்பட்டார். வாய்திறந்து கேட்குமுன் முகம் கண்டு தேவையறிந்து உதவுதல் என்பது இதன் பொருள். குளிர்காலத்து ஒருநாள் மெலிந்த மேனியும் அழுக்கடைந்த கந்தையுமாகச் சிவபெருமான் தவசியாய் வந்தார். ஆடையை வெளுத்துத் தருவதாக நாயனார் வேண்ட, "கதிரவன் மறையுமுன் தருவதாயின் கொண்டு போம்; இஃதின்றேல் இவ்வுடம்பு குளிர் தாங்காது" என்றார் தவசி. நாயனார் அவ்வாறே சொல் கொடுத்தார். துறைக்குச் சென்று ஒலிக்கத் தொடங்கியதும் பெருமழை பெய்தது. மாலையும் வந்தது, மழை ஓயவில்லை. ஆடை உலரவில்லை என்பதற்காகவன்று, ஒரு முதியவர் குளிரில் நடுங்குகின்றாரே என்பதற்காகவே அவர் நெஞ்சம் வெடித்தது. துணி துவைக்கும் பாறையிலே தம் தலையை மோதப் புகுந்தார். அக்கணமே அப்பாறையின் பக்கத்தே ஏகம்பநாதரின் திருக்கை எழுந்து அவரைப் பற்றிக்கொண்டது.

இங்கே நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். உயிரை விடுதலை இறைவன் விரும்பினானாயின் கையை நீட்டித் தடுத்திருக்க மாட்டான். அவன் விரும்பியது, சொல் தவறியதைப் பொறுக்கமாட்டாத அந்த நெஞ்சத்தையே. நெஞ்சத்தை ஏற்றுக்கொண்டு உயிரைக் காத்தான். "மழை பெய்தது, நான் என்ன செய்வேன்?" என்று சொல்லிவிட்டு உணவருந்தச் செல்வது எவருக்கும் எளிது, அப்படிச் சொல்லியிருந்தால் உலகமும் ஒப்புக்கொண்டிருக்கும். தம்மால் நேராத குறைக்கும் தாமே பொறுப்பென்று கருதிய ஒருவர் வாழ்ந்த ஊரைத்தான் சேக்கிழார் அறநகரம் என்று பாடினார்.

இம்மூன்றும் அரிய செயல்கள். அன்றாட வாழ்வில் அந்நாட்டு மக்கள் எவ்வாறு இருந்தனர் என்பதைக் காணவேண்டுமாயின், செங்கற்பட்டுக்கு அணித்தேயுள்ள திருக்கச்சூருக்குச் செல்லவேண்டும். திருக்கழுக்குன்றத்தை வணங்கிவிட்டுச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவ்வூரை அடைந்தபோது நண்பகல். அமுது சமைக்கும் பரிசனம் வந்து சேரவில்லை. பசியோடு திருக்கோயில் மதிற்புறத்தே இருந்தார். சிவபெருமான் ஓர் அந்தணராய், கையில் ஓடு ஏந்தி, சுடுகின்ற வெயிலில் அவ்வூரின் வீடுதோறும் சென்று சோறு இரந்து வந்து ஊட்டினார். இறைவனின் எளிமையை வியந்து இக்கதையை நாம் சொல்வது வழக்கம். அத்திருக்கச்சூர் வீடுகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் உச்சிவேளையில் வந்து நிற்க, ஒருவரும் கதவடைக்காமல், யார் எவர் என்று துருவாமல், இருந்த சோற்றில் ஒரு பிடி இட்டனர். சேக்கிழார் அவர்களின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அது அவ்வூரில் அரிய செயலன்று என்பதே காரணமாகலாம்.

இனி, மாணவி கேட்ட வினாவுக்கு வருவோம். இத்தகைய நாடு இருந்ததா?

கல்வெட்டுகளும் சிற்பங்களும் சான்று கூறட்டும். மாமல்லையில் பெரும்பாறைச் சிற்பத்தைக் காண்பவர்கள், அங்கே ஒரு சிறு கோயிலையும் அதன்முன் தவம் செய்வோரையும், அச்சமின்றிப் படுத்திருக்கும் மான்களையும், அவற்றுக்கு மேலே சிங்கத்தையும் காணலாம். பகை மறந்த தவச்சோலையைப் பல்லவச் சிற்பி கற்பனை செய்து காட்டியுள்ளான். அதே பாறையில், யானைகளுக்கருகே ஒரு பூனை முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்க, அதனைச் சுற்றி எலிகள் இருப்பதையும் அவன் செதுக்கியுள்ளான். பொய்த் தவசிகள் அன்றும் இருந்தனர். அவர்களை நம்பிய எலிகளும் இருந்தன. தூய தவத்தையும் பொய்த் தவத்தையும் ஒரே கல்லில் காட்டிய அச்சிற்பி, தன் காலத்தைக் குறையற்ற காலம் என்று கருதவில்லை என்பது தெளிவு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை வருத்தியது. அதனால் மணல் அகன்று வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகளைத் தொடர்ந்து, மாமல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் 2005-இல் அகழ்ந்தபோது, செங்கல்லால் ஆகிய தொன்மையான முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அவ்வூரின் பழம்பெயர் திருவிழிச்சில். விளக்கெரிப்பதற்கென்று பொன் அளித்தோரின் கொடைகளை அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. கோயில் மண்ணில் மறைந்துபோயிற்று, விளக்கு அணைந்துபோயிற்று, கொடுத்தவரின் சொல் மட்டும் கல்லில் நின்றது. அறவாழ்வு முற்றிலும் கற்பனையன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்து இப்போது காஞ்சிபுர மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ உலகறிந்தவை. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் அவை பொறிக்கப்பட்டன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை எடுத்து, வாரியப் பெருமக்களைத் தேர்ந்தனர். காணிக்கடன் செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும் உடையவராக இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். எத்துணை அரிய ஏற்பாடு என்று நாம் மகிழ்வதற்கு உரிமையுண்டு. ஆயினும் கணக்குக் காட்டாதவரை விலக்குக என்று விதி எழுதினார்கள் என்றால், கணக்குக் காட்டாதவர் அன்றும் இருந்தனர் என்பதே பொருள். முதல் ஏற்பாட்டை இரண்டு ஆண்டுகளில் திருத்தியமைத்தனர் என்றால், முதல் ஏற்பாட்டில் குறை கண்டனர் என்பதே பொருள். நம் முன்னோர் நம்மைப் போன்ற மனிதரே. குறை கண்டபோது கூடியமர்ந்து திருத்தினர் என்பதில்தான் அவர்கள் நம்மினும் உயர்ந்து நின்றனர்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். அந்தக் குடவோலையில் ஒரு பெண்ணின் பெயர் இடம்பெற இயலாது. நிலமில்லாதவர் பெயர் இடம்பெற இயலாது. வேதம் ஓதாதவர் பெயர் இடம்பெற இயலாது. திருக்குறிப்புத் தொண்ட நாயனார் அவ்வூரில் வாழ்ந்திருந்தால், அவர் பெயரெழுதிய ஓலை குடத்துக்குள் சென்றிராது. ஊரார் ஆடையை அவர் வெளுத்துக் கொடுத்திருப்பார். ஊராரின் அவையில் அவருக்கு இடம் இருந்திராது.

இங்கேதான் சேக்கிழாரின் அருமை நமக்குப் புலப்படுகின்றது. சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த அவருக்கு, ஊர் அவைகளில் யார் அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர் என்பது தெரியாததன்று. அவ்வாறிருந்தும், காஞ்சி மாநகரின் பெருமை யாவும் ஓர் ஏகாலியரின் துறையிலே வந்து நிறைவதாகப் பாடினார். இருந்த நாட்டை மட்டும் அவர் பாடவில்லை; இறைவன் திருமுன் இருக்கவேண்டிய நாட்டைப் பாடினார். அடியார் வாழ்வு மெய். அவ்வாழ்வுக்கு ஏற்றதாக நாடு முழுவதும் அமைந்துவிட்டால் எப்படியிருக்கும் என்பது அவர் கண்ட காட்சி.

அக்காட்சியை அடைய நமக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதை எண்ணும்போது நாணமே உண்டாகின்றது. நந்தனாராகிய திருநாளைப்போவாரின் புராணத்தை நம் திருக்கோயில் மண்டபங்களில் பன்னூறாண்டுகள் படித்துக் கண்ணீர் பெருக்கினோம். அவர் குலத்தில் பிறந்தவர்கள் அம்மண்டபத்துக்கு வெளியே நின்றனர். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின்னரே அக்கதவுகள் சட்டப்படி எங்கும் திறந்தன. 12-ஆம் நூற்றாண்டில் காவியத்துக்குள் வந்தவர்கள் கோயிலுக்குள் வர 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. குறை புராணத்தினுடையதன்று, புராணத்தைக் காதால் மட்டும் கேட்ட நம்முடையது. "அந்தக் காலம் புண்ணிய காலம்" என்று சொல்லித் தள்ளிவைப்பது பக்தி போலத் தோன்றும். உண்மையில் அது கடமையிலிருந்து நழுவும் வழியே. அன்று நாம் அம்மாணவிக்குக் கூறிய விடையும் அத்தகையதே.

அப்படியாயின் கற்பனைக்குப் பயன் என்ன? இதற்கு விடை கூறுபவர் தொண்டை நாட்டு நாயன்மாருள் ஒருவராகிய திருநின்றவூர்ப் பூசலார். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிய அவர் எங்கெங்கும் தேடியும் பொருள் கிட்டவில்லை. மனத்திலேயே கோயில் கட்டத் தொடங்கினார். மனத்தில் கட்டுவதாயின் ஒரு நொடியில் கட்டிவிடலாமே என்று நமக்குத் தோன்றும். பூசலாரோ அவ்வாறு செய்யவில்லை. சிறிது சிறிதாகப் பொருள் திரட்டினார், தச்சரைச் சேர்த்தார், நல்ல நாளில் அடிநிலை இட்டார், இரவும் கண் துயிலாமல் படை படையாக உயர்த்திச் சிகரம் வைத்தார், கிணறும் குளமும் மதிலும் அமைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அந்நாளே காஞ்சியில் காடவர் கோமான் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளுமாயிற்று. இறைவன் அரசன் கனவில் தோன்றி, நாளை யாம் நின்றவூர்ப் பூசலின் ஆலயம் புகுவோம். உன் விழாவைத் தள்ளி வைப்பாயாக என்று பணித்தருளினான். அரசன் நின்றவூர் சென்று கோயில் எங்கே என்று கேட்க, ஊரார் ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்காடவர் கோமானை, காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாமல்லைக் கடற்கரைக் கோயிலை எழுப்பியவனும் அவனே. இன்று உலகெங்குமிருந்து வருவோர் வியந்து நிற்கும் அக்கற்றளியைக் கட்டிய கைகள், பூசலாரின் முன் குவிந்து வணங்கின என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பூசலாரின் கற்பனை சோம்பேறியின் பகற்கனவன்று. கல்லால் கட்டுபவன் என்னென்ன உழைப்பை உழைப்பானோ அவ்வளவையும் அவர் மனத்தால் உழைத்தார். சேக்கிழாரின் நாட்டை நாம் கற்பனை செய்யும்போதும் அவ்வாறே செய்தல் வேண்டும். திருக்கச்சூர்த் தெருவை மனத்தில் கட்டுகின்றோமா? அத்தெருவில் நம் வீடு எது என்று முடிவு செய்து, உச்சிவேளையில் அதன் கதவைத் திறந்துவைத்துப் பார்க்கவேண்டும். திருவாரூரைக் கட்டுகின்றோமா? நம் பிள்ளை ஓட்டிய வண்டியால் ஓர் ஏழைக்கு ஊறு நேர்ந்தால், மணியோசை நம் செவியில் விழுகின்றதா என்று கேட்கவேண்டும். காஞ்சித் துறையைக் கட்டுகின்றோமா? நம் துணியை வெளுத்துத் தருபவரை நாம் எந்தப் பெயரால் விளிக்கின்றோம், எங்கே நிறுத்திக் கூலி கொடுக்கின்றோம் என்பதை நினைக்கவேண்டும். இவ்வாறு படிப்பவர்க்குப் புராணம் பழங்கதையாக நில்லாது. வீட்டுக்குள் வந்து அளவுகோலாக நிற்கும்.

ஆகவே, அம்மாணவிக்கு நாம் இன்று கூறும் விடை இதுதான். அம்மா, சேக்கிழார் பாடிய அடியார்கள் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த ஊர்களும் இருக்கின்றன. அவ்வடியார்களைப் போலவே எல்லாரும் வாழ்ந்த நாடு ஒன்று எக்காலத்தும் முழுமையாக இருந்ததில்லை. அது எங்கும் போய்விடவுமில்லை. ஒருவர் கொடுத்த சொல்லைக் காக்கும்போது, அவர் நிற்குமிடம் அந்நேரத்துக்குத் தொண்டை நாடாகின்றது. நீ இதைக் கேட்கவேண்டிய காரணமும் அதுவே. கேளாதவர்க்கு எதைக் கட்டவேண்டும் என்பதே தெரியாது.

திருவிழா முடிந்து வீடு செல்லும் அன்பர்கள் ஒவ்வொருவரும், கதிரவன் மறையுமுன் தருவதாகத் தாம் யாருக்கோ சொன்ன ஒன்றை நினைவிற் கொள்வாராக. அது ஒரு சிறு கடனாயிருக்கலாம். முதிய தாயைக் காண வருவதாகச் சொன்ன சொல்லாயிருக்கலாம். மழை பெய்தது என்னும் காரணம் எவருக்கும் உண்டு. அக்காரணத்தைச் சொல்லாமல் வருந்திய நெஞ்சத்தைத் தாங்கவே ஏகம்பநாதரின் திருக்கை எழுந்தது. நம் நெஞ்சமும் அத்தகையதாக அவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.